நீல டிரம்மை ஒரு தடவை தூக்கினேன்

கக்கூஸ் எங்க இருக்குன்னுதானே சார் கேட்டீங்க? வீட்டம்மா கேக்கச் சொன்னாங்களா? தெரியும் சார். இங்க வர்றவங்க எல்லாரும் முதல்ல அதத்தான் கேப்பாங்க. யானை வருமா, டவர் கிடைக்குமாங்கறதெல்லாம் அப்புறம்தான். இப்பவே போகணுமா, இல்ல காலைக்கா? காலைக்குன்னா உக்காருங்க. டீ போட்டுக் கொண்டாந்திருக்கேன், சூடா இருக்கறப்பவே குடிங்க. கொஞ்சம் விவரமாச் சொல்ல வேண்டியிருக்கு.

அந்தா, சில்வர் ஓக் மரத்துக்குப் பின்னால பச்சைத் தகரம் தெரியுது பாருங்க. அதான். ஆனா கதவுல கயிறு போட்டுக் கட்டியிருக்கேன். ஏன் கட்டியிருக்கேன்னு கேப்பீங்க. அதத்தான் சொல்ல வர்றேன்.

எம் பேரு நல்லுச்சாமி. இந்தக் காப்பித் தோட்டம் எங்கப்பா வெச்சது. இப்ப நீங்க டெண்டு போட்டிருக்கறது எங்க காப்பிக் களம். பழம் காயப்போடற நாள் போக மத்த நாளெல்லாம் சும்மாத்தானே கிடக்கு, டெண்டு போட்டு விடலாமேன்னு எம் மச்சான்தான் யோசனை சொன்னான். போன சித்திரையில ஆரம்பிச்சேன். சனி ஞாயிறானா சென்னை, பெங்களூருன்னு கார் காரா வந்து இறங்குனாங்க. நானும் எல்லாம் யோசிச்சு வெச்சிருந்தேன் சார். அடுப்பு, விறகு, கம்பளி, கோழிக் குழம்புக்கு ஆளு. இத மட்டும் யோசிக்கல. காட்டுக்குள்ள வர்றவங்களுக்கு எதுக்குக் கக்கூஸு, காடு பூரா கக்கூஸுதானேன்னு விட்டுட்டேன். ஆளுக்கு ஒரு களைக்கொத்தும் தண்ணிப் பாட்டிலும் கொடுத்து, குழி தோண்டி இருந்துட்டு மூடிட்டு வாங்கன்னு சொல்லிருவேன்.

சொன்னா யாரு தோண்டுறா? களைக்கொத்தக் கையில பிடிச்சு போட்டோ எடுக்கறாங்க. அப்புறம் அத மரத்துல சாய்ச்சு வெச்சுட்டு மேலாப்புலயே இருந்துட்டு, ரெண்டு சருகத் தள்ளி விட்டுட்டு வந்துடறாங்க. அதுல இந்தக் காயிதம் வேற. துடைக்கறதுக்கு ஈரக் காயிதம்னு ஒண்ணு இருக்கு பாருங்க, மக்கவே மக்காது. மூடினதையும் பன்னி வந்து கிளறிப் போட்டுரும். வைகாசியில ஒரு மழை பிடிச்சுது சார், மூணு நாள். அவ்வளவும் சரிவுல இறங்கி நேரா ஊத்துக்குப் போயிருச்சு.

ஊத்து எங்களுது இல்ல. எங்களுக்குக் கிணறு இருக்கு. கீழ அந்த மூங்கில் புதருக்கு அந்தாண்ட ஒரு முப்பது வீடு இருக்கு, அவங்க குடிக்கிற ஊத்து. சடையாண்டி வந்து சொன்னான், "ஐயா, ஊத்துல வெள்ளை வெள்ளையாக் காயிதம் மிதக்குதுங்க"ன்னு. பிள்ளைகளுக்கு வயித்தால போகுதுன்னான். ரெண்டு பிள்ளைய ஆஸ்பத்திரியில சேத்தாங்கன்னு அப்புறம் கேள்விப்பட்டேன். மழைக்காலத்துல யாருக்குத்தான் சார் வயித்தால போகல? ஆனாலும் மனசு கேக்கல. நான் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்து விட்டேன்.

சடையாண்டி யாருன்னு சொல்லலையே. எங்க தோட்டத்து ஆளு, அந்த முப்பது வீட்டுல ஒருத்தன். வேற தோட்டமெல்லாம் பார்த்துட்டு எங்ககிட்ட வந்து இருபத்திரெண்டு வருசம். காப்பிச் செடிக்குக் கிளை வெட்டிக் கவாத்துப் பண்றதுல அவன மாதிரி கை இந்த மலையில கிடையாது. என்னைவிட நாலு வயசு மூத்தவன், ஆனா நான் வாடா போடான்னுதான் கூப்பிடுவேன், அவனும் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டான். அவ்வளவு பழக்கம். எம் பொண்ணு பிரதீபா சின்னதா இருக்கறப்ப ஓடையில தண்ணி வந்துருச்சுன்னா தோள்ல தூக்கி வெச்சுக்கிட்டுப் போயி ஸ்கூல்ல விட்டுட்டு வருவான். ரொம்ப சுத்தம். டீ குடிச்ச தம்ளரை அவனே கழுவி அவனே ஷெட்டுக் கூரையில செருகி வெச்சிருவான், நாங்க சொல்லணும்கறதே கிடையாது. நாங்க அவனை வேத்து ஆளா நினைச்சதே இல்ல சார்.

சரி, கக்கூஸுக்கு வருவோம். ஆவணியில நிவேதிதான்னு ஒரு பொண்ணு பெங்களூருல இருந்து வந்துச்சு. இந்த மாதிரி விசயமெல்லாம் படிச்ச பொண்ணு. ஊத்துக் கதையக் கேட்டுட்டு, "அங்கிள், இதுக்கு ஒரு வழி இருக்கு"ன்னு ஒரு பேப்பர்ல வரைஞ்சு காட்டுச்சு. தண்ணியே வேணாமாம். மேல பலகையில ஒரு சீட்டு. கீழ மூடி போட்ட அறுபது லிட்டர் டிரம்மு. ஒண்ணுக்குத் தனியா குழாய் வழியாப் போயிரும். இருந்துட்டு எழுந்திருச்சா ரெண்டு கை காஞ்ச காப்பிப் பழத் தொலிய அள்ளி மேல போட்டுரணும். அவ்வளவுதான். டிரம்மு ரொம்பினா மூடி, மேட்டுல இருக்கற ஷெட்டுல ஒரு வருசம் வெச்சுட்டு, இங்க காலி டிரம்மப் போடணும். ஒரு வருசத்துல மண்ணாயிருமாம். அதைக் காப்பிச் செடிக்குப் போடலாமாம். ஊத்துக்கும் கெடுதல் இல்ல, யாருக்கும் கெடுதல் இல்ல.

நான் நம்பல சார். ஆனா உண்மை. நாத்தமே வரல. எங்க வீட்டுக் கக்கூஸக் காட்டிலும் இது வாசமா இருந்துச்சு. காப்பித் தொலிக்கு அப்படி ஒரு குணம் இருக்கும்னு இத்தனை வருசம் காப்பி போட்ட எனக்கே தெரியாது. நாலு டிரம்மு வாங்கினேன், நீலக் கலர். வர்றவங்க எல்லாம் ஆகா ஓகோன்னாங்க.

ரொம்பின டிரம்ம மேட்டுக்கு யாரு கொண்டு போறதுன்னு அந்தப் பொண்ணு சொல்லல. நானும் கேக்கல. கேக்கறதுக்கு என்ன இருக்கு, சடையாண்டிதான் இருக்கானேன்னு இருந்துட்டேன்.

டீயக் குடிங்க சார், ஆறுது.

மூணு வாரத்துல முதல் டிரம்மு ரொம்புச்சு. களத்துல நின்னுக்கிட்டு, "டேய் சடையாண்டி, அந்த டிரம்ம எடுத்து ஷெட்டுல வெச்சுட்டு வேற மாத்திரு"ன்னு சொன்னேன். இந்த மூட்டைய அந்தப் பக்கம் வைன்னு சொல்றதில்லையா, அந்த மாதிரிதான் சொன்னேன். அவன் கையில இருந்த அருவாள கீழ வெச்சுட்டு நின்னான்.

"ஐயா, அது மட்டும் வேணாங்கய்யா"ன்னான்.

"ஏன்டா, மூடிதான் போட்டிருக்கே. நாத்தம்கூட இல்ல, நீயே மோந்து பாரு."

"மூடியும் இருக்கு, நாத்தமும் இல்லங்கிறீங்க. அப்ப யாரு தூக்குனா என்னங்கய்யா?"

பாருங்க சார் பேச்ச. இருபத்திரெண்டு வருசத்துல எதுத்து ஒரு வார்த்தை பேசினவன் இல்ல. எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. உங்க ஆளுகளுக்கு இதெல்லாம் ஒரு வேலையாடான்னு கேட்டுட்டேன். சும்மா, கோவத்துல வர்றதுதான். அவன் மெதுவாச் சொன்னான். அவங்கம்மா கீழ டவுன்ல இந்த வேலைதான் பார்த்துச்சாம். வாளியில அள்ளித் தலையில சுமந்துச்சாம். மழைக்காலத்துல மூஞ்சியெல்லாம் வழியுமாம். "நான் அதப் பார்த்துட்டுத்தாங்கய்யா பதினாறு வயசுல மலையேறி ஓடியாந்தேன். கவாத்துப் பண்ணச் சொல்லுங்க, குழி வெட்டச் சொல்லுங்க, கல்லு உடைக்கச் சொல்லுங்க. இதுக்கு என்னைக் கூப்பிடாதீங்க"ன்னான்.

எனக்கு இதெல்லாம் எப்படி சார் தெரியும்? சொன்னாத்தானே தெரியும். இருபத்திரெண்டு வருசத்துல ஒரு நாளாவது எங்கம்மா இந்த வேலை பார்த்துச்சுன்னு சொல்லியிருக்கானா? நானும் கேட்டதில்ல, அது வேற. ஆனா அவன் சொல்லியிருக்கணுமில்ல.

மறுநாள்ல இருந்து அவன் வரல.

அந்த வாரக் கடைசியில ஆயுத பூஜை லீவு. முப்பத்திரெண்டு பேரு புக்கிங். டிரம்மு விளிம்பு வரைக்கும் நிக்குது. பஞ்சாயத்துல கூட்டுற அம்மாவுக்குப் போன் போட்டேன், எடுக்கல. கீழ்த் தெருவுல இன்னும் ரெண்டு பேரக் கூப்பிட்டு விட்டேன், மேலுக்குச் சொகமில்லன்னுட்டாங்க. எல்லாரும் பேசி வெச்சுக்கிட்டாங்க போல. எம் மச்சானக் கூப்பிட்டேன், அவன் வண்டிய எடுத்துக்கிட்டு அப்பவே நழுவிட்டான். காலையில ஏழு மணி. தகரத்துக்கு முன்னால பதினோரு பேரு வரிசையில நிக்கறாங்க, கையில பிரஷோட. நான் என்ன சார் பண்ணுவேன்?

நானே போனேன். தள்ளுவண்டி அந்த மேட்டுல ஏறாது. இடுப்புல வெச்சா சரிவுல கால் நிக்காது. நாங்க காப்பி மூட்டைய எப்படித் தூக்குவோம், துண்டச் சும்மாடு கட்டித் தலையில வெச்சுத்தானே தூக்குவோம். சின்ன வயசுல இருந்து அதான் பழக்கம். யோசிக்கவே இல்ல சார். துண்ட உருட்டித் தலையில வெச்சேன், ஒரு தம்பி ஒரு கை பிடிச்சுவிட்டுது, டிரம்மத் தலையில ஏத்திக்கிட்டு மேட்டுல ஏறிட்டேன். ஒரு சொட்டு சிந்தல. உள்ள அது குலுங்குற சத்தம் காதுக்குப் பக்கத்துல கேக்குது. காப்பித் தொலி வாசம்தான் வந்துச்சு, உள்ளதச் சொல்லணும். ஆனாலும் மேல போயி எறக்கி வெச்சுட்டு வாந்தி எடுத்தேன். ஒரே ஒரு தடவை சார். முதலும் கடைசியும்.

திரும்பி வந்தா ஆதிரைன்னு ஒரு பொண்ணு, சென்னை, கண்ணுல தண்ணியோட நிக்குது. "அங்கிள், நீங்க கிரேட் அங்கிள்"னு கையக் குடுத்துச்சு. செல்போன என் மூஞ்சிக்கு நேரா பிடிச்சு, ஒரு வார்த்தை பேசுங்கன்னுச்சு. எனக்கும் ஒரு மாதிரி பெருமையாத்தான் இருந்துச்சு. பேரு, ஊரு எல்லாம் சொன்னேன். "நம்ம கழிவ நாமளேதான் சுத்தம் பண்ணணும், இதுல கேவலம் எதுவும் இல்ல"ன்னு கும்பிடு வேற போட்டேன். அந்த வார்த்தை எங்க இருந்து எனக்கு வந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல.

அது நான் தலையில தூக்கிக்கிட்டுப் போறதையும் எடுத்திருந்திருக்கு. ரெண்டையும் ஒட்டவெச்சு, சோக மியூசிக் போட்டு, மலையில ஒரு மாமனிதர்னு எழுதி விட்டுருச்சு. நல்ல மனசுலதான் பண்ணுச்சு. ஒரு லட்சம் பேரு பார்த்தாங்களாம். வெளிநாட்டுல இருந்தெல்லாம் சல்யூட் வெச்சாங்க.

ஒட்டன்சத்திரத்துலயும் பார்த்தாங்க.

பிரதீபாவுக்கு அங்கதான் சார் பேசி வெச்சிருந்தோம். மாப்பிள்ளை வீட்டுக்குக் காய்கறி மண்டி இருக்கு. எம் பொண்ணுக்கும் அந்தப் பையனப் பிடிச்சிருந்துச்சு. பூ வெச்சாச்சு, கார்த்திகையில நிச்சயம். மாப்பிள்ளையோட அம்மா எம் வீட்டுக்காரி தமயந்திக்குப் போன் போட்டு, "வீடியோ பார்த்தோம் சம்பந்தி"ன்னாங்களாம். அதுக்கப்புறம் ஒண்ணும் பேசலையாம். என்னத்தப் பேசறதுன்னு தெரியாம இவளும் மழை உண்டுமான்னு கேட்டுட்டு வெச்சுட்டா. பத்து நாள் கழிச்சு ஆளு வந்து சொல்லுது, பையனுக்கு ஜாதகத்துல ஏதோ தோசமாம், ரெண்டு வருசம் போகட்டுமாம். பூ வெக்கிறப்ப இல்லாத தோசம், வீடியோ வந்ததும் வந்துருச்சு.

அது மட்டுமில்ல சார். பங்காளி வீட்டுக் கல்யாணத்துல பந்தியில உக்காந்தேன். பக்கத்துல இருந்தவரு, "அந்தப் பக்கம் ஃபேன் இருக்கு"ன்னு எழுந்து போனாரு. அங்க ஃபேன் இல்ல, நான் பார்த்தேன். வீட்டுல பார்த்தா எம் பொண்டாட்டி எனக்குத் தனித் துண்டு, தனித் தட்டு வெச்சிருக்கா. ரெண்டு சோப்புக் கட்டி தேய்ச்சுக் குளிச்சு, மொட்டை போட்டுட்டு வந்தும் இந்தக் கதை. எந் தம்ளரு தனியா இருக்கு சார், என் சொந்த வீட்டுல. அடுப்படி ஜன்னல்ல, மத்ததோட சேராம. ஒரு மனுசன் ஒரு தடவை செஞ்ச வேலைக்காக ஆயுசுக்கும் அவனை அப்படியே பாக்கறது எந்த ஊரு நியாயம் சார்? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க.

பொண்ணு என்ன சொல்லுச்சு தெரியுமா? அழும், அரற்றும்னு பயந்தேன். அது அழுது முடிச்சுட்டு, "ஏம்ப்பா, இதே டிரம்ம சடையாண்டி மாமா தூக்கியிருந்தா யாராவது வீடியோ எடுத்திருப்பாங்களா?"ன்னு கேக்குது. மாமாவாம். இந்த நேரத்துல கேக்கற கேள்வியா சார் இது? போய்ப் படுன்னுட்டேன்.

எம் மச்சான்தான் ஒரு வழி சொன்னான். அது சும்மா வீடியோவுக்காகத் தூக்கினது, காலி டிரம்மு, நெசமாவே தூக்கற ஆளு வேறன்னு சொல்லிருவோம். சடையாண்டியக் கூட்டிக்கிட்டுப் போயி, மாப்பிள்ளையோட தாய்மாமன் முன்னால, "தூக்கினது நாந்தாங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்ல வெச்சிருவோம். அவன் தூக்க வேணாம் சார். சொன்னாப் போதும். வாயால ஒரு வார்த்தை. எனக்கும் சரின்னு பட்டுது.

போன வியாழக்கிழமை கீழ போனேன். இருபத்திரெண்டு வருசத்துல அன்னிக்குத்தான் அவன் வீட்டுக்குப் போறேன். எந்த வீடுன்னு தெரியாம மூணு பேருகிட்ட விசாரிக்க வேண்டியதாப் போச்சு. ஊத்துல முள்ளு வெட்டிப் போட்டு அடைச்சிருந்தாங்க. பொம்பளைங்க எங்கயோ தொலைவுல இருந்து குடம் குடமாத் தூக்கிக்கிட்டு ஏறி வர்றாங்க. என்னைப் பார்த்ததும் சடையாண்டி வெளிய வந்து துண்ட இடுப்புல கட்டினான். அவன் பொண்டாட்டி நாற்காலி ஒண்ணக் கொண்டாந்து போட்டு, சொம்புல தண்ணி கொண்டாந்து வெச்சுச்சு. நல்ல வெயிலு, தொண்டை காஞ்சு போயித்தான் கிடந்துச்சு. தாகமில்லம்மான்னுட்டேன். அது சொம்ப எடுத்துக்கிட்டு உள்ள போயிருச்சு.

எல்லாத்தையும் சொன்னேன். கூச்சத்த விட்டுக் கண்ணுல தண்ணி விட்டுச் சொன்னேன். "உன் தோள்ல வளந்த பொண்ணுடா. உனக்கு என்ன குறைஞ்சு போகப் போகுது?"ன்னு கேட்டேன். நம்ப மாட்டீங்க, அவன் கையப் பிடிக்கக்கூடப் போனேன்.

"பாப்பா சாப்பிடுதாங்கய்யா?"ன்னு கேட்டான். அவனுக்கும் கண்ணு கலங்கிருச்சு. பாசம் இருக்கு சார் அவனுக்கு, நான் இல்லன்னு சொல்லல. உள்ள பாத்திரம் கழுவற சத்தம் கேட்டுக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் சொன்னான்.

"எனக்கும் பொண்ணு இருக்குங்கய்யா. தையில பாக்க வர்றாங்க."

அவ்வளவுதான் சார். அவனுக்குப் பொண்ணு இருக்கறது தெரியும், நர்ஸுக்குப் படிக்கிதுன்னு யாரோ சொன்னாங்க. பேருதான் என்னமோ, நினைப்பு வரல. ஆனா ஒண்ணு சார், அவங்களுக்குள்ள இதெல்லாம் பாப்பாங்கன்னு நான் நினைக்கவே இல்ல. நீங்க நினைச்சிருப்பீங்களா? அவங்களுக்குமா இது அசிங்கம்?

திரும்பி மேல ஏறி வந்தேன். வழியில மூணு இடத்துல உக்காந்துட்டேன்.

இப்ப நிலவரம் என்னன்னா, ரெண்டாவது டிரம்மும் ரொம்பிருச்சு. அப்படியே நிக்குது. தொடவும் முடியல, விடவும் முடியல. நான் தூக்கினா இருக்கற கொஞ்ச மானமும் போகும். ஆளு வைக்கலாம்னா ஆளு இல்ல. வர வேணாம்னு உங்ககிட்ட போன்ல சொல்லியிருக்கலாம். ஆனா இந்த வருசம் காப்பியும் சரியா இல்ல, நானும்தான் என்ன செய்வேன். கயிறு போட்டுக் கட்டி வெச்சுட்டு, பழையபடி களைக்கொத்துதான். இந்தாங்க, உங்களுக்கு ஒண்ணு, வீட்டம்மாவுக்கு ஒண்ணு. முழங்கை ஆழத்துக்குத் தோண்டுங்க, மண்ணப் போட்டு நல்லா மிதிச்சு மூடுங்க, மேல ஒரு கல்ல வைங்க, பன்னி கிளறாது. காயிதத்த மட்டும் இந்தப் பையில போட்டு உங்களோடவே எடுத்துட்டுப் போயிருங்க சார், புண்ணியமாப் போகும். சரிவுப் பக்கம் வேணவே வேணாம். மேக்க கருத்துக்கிட்டு வருது பாருங்க. இந்த மழைக்கு நீங்க எவ்வளவு ஆழம் தோண்டினாலும் நான் என்ன உத்தரவாதம் குடுக்க முடியும்.

என்ன சார், எழுந்துட்டீங்க. டீ அப்படியே இருக்கே. ஏடு கட்டிப் போச்சு.

நாந்தான் போட்டேன். கைய சோப்பு போட்டுக் கழுவிட்டுத்தான் சார் போட்டேன். இந்தா, பாருங்க, நகம்கூட வெட்டியிருக்கேன். வேணும்னா வேற சூடாப் போட்டுத் தரவா?

என்ன சொன்னீங்க, தாகமில்லையா?

சரி சார். பரவாயில்ல. வைங்க.